ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் விசில்: சத்தம் உள்ளே நுழையும் இடத்தைப் பிடிப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே தொல்லை உள்ள மற்றவர்களுக்கும் உதவும். 2016 ஸ்விஃப்ட். கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டிருக்கிறீர்கள். டிக்கியில் நாலு சேனல் ஆம்ப் (பாட்டைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர்), கூட பாஸுக்கு ஒரு சப்ஊஃபர். எஞ்சின் ஓடாதபோது பாட்டு சுத்தமாகக் கேட்கிறது. ஸ்டார்ட் செய்ததும் 'ஙொய்ய்' என்று மெல்லிய சத்தம் வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது விசில் மாதிரி மேலே ஏறுகிறது. பொருத்திக் கொடுத்த கடைக்காரர், ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகிற ஆர்சிஏ வயரை இரண்டு முறை மாற்றினார், ஸ்டீரியோவுக்குப் போகும் பவர் வயரில் ஃபில்டர் போட்டார், இப்போது ஆம்பையே மாற்றச் சொல்கிறார்.

ஆம்பை மாற்றாதீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரையாவது எதையும் வாங்காதீர்கள். பதினெட்டு வருடமாக வண்டிகளுக்கு ஆடியோ பொருத்துகிறேன். என் கைக்கு வந்த விசில் கேஸ்களில் பெரும்பாலானவை ஒரு உப்புத்தாள், ஒரு ரிங் டெர்மினல் (வயர் நுனியில் மாட்டும் வளையம்), அரை மீட்டர் வயர் இவற்றோடு தீர்ந்துபோனவை. மாதக்கணக்கில் இழுத்த வண்டிகளில் எல்லாம் ஒரே கதைதான்: சத்தம் எந்த இடத்தில் உள்ளே வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை, ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் சத்தமே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற விசில் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது, நம் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்வார்களே, அது. அதற்குள் மூன்று ஃபேஸில் ஏசி மின்சாரம் உண்டாகி, டயோடுகள் வழியாக டிசியாக மாறி பேட்டரிக்குப் போகிறது. மாறிய பிறகும் அது மேசை மாதிரி சமமாக இருக்காது, மேலே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். வழக்கமான 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்று சுற்றினால் 36 மேடுகள் வரும். பெல்ட் அதை எஞ்சினைப் போல இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐடிலில் எஞ்சின் 800 ஆர்பிஎம் ஓடினால் மேடுகள் விநாடிக்கு 1,200. 2,500 ஆர்பிஎம்முக்கு மிதித்தால் 3,750. நம் காது மிகவும் கூர்மையாகக் கேட்கிற இடமே 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதனால்தான் சில மில்லிவோல்ட் மட்டுமே இருக்கிற அந்த மேடுகள் கூட நம்மை இப்படிப் படுத்துகின்றன.

இந்த மேடுகள் எல்லா வண்டியிலும் உண்டு, உங்கள் பக்கத்து வீட்டு வண்டியிலும் உண்டு. அது அங்கே ஸ்பீக்கருக்கு வரவில்லை, உங்களுக்கு வருகிறது. ஆகவே ஆல்டர்னேட்டரைக் குறை சொல்வதற்கு முன்னால் அது ஆடியோவுக்குள் வருகிற வழியைத் தேட வேண்டும். பத்துக்கு எட்டு தடவை அந்த வழி எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புவதற்காக பாடியில் மாட்டுகிற கருப்பு வயர் இணைப்பு.

எர்த் எப்படி வழியாகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், இது புரிந்துவிட்டால் மிச்சம் எல்லாம் சுலபம். வண்டியின் பாடி முழுக்க இரும்பு, எங்கே எர்த் எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஹெட்லைட், ஏசி புளோயர், ஃப்யூல் பம்ப் எல்லாவற்றின் கரண்ட்டும் அதே பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. ஓடுகிற வழியில் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சில மில்லிவோல்ட் விழுகிறது. ஆக, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள எர்த்தும் டிக்கியில் உள்ள எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. ஸ்டீரியோ ஒரு மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஆம்ப் இன்னொரு மட்டத்தில். இரண்டையும் ஆர்சிஏ வயரின் வெளிப்பின்னல் இணைக்கிறது. தெருவின் பெரிய வடிகாலில் அடைப்பு இருந்தால் தண்ணீர் வீட்டு வாசல் வழியாகப் போகிறது அல்லவா? அதுபோல ஆம்பின் எர்த்தில் தடை இருந்தால், திரும்பிப் போக வேண்டிய கரண்ட்டில் ஒரு பங்கு அந்த வெளிப்பின்னல் வழியாக ஸ்டீரியோ பக்கம் ஓடும். பாட்டும் அதே வயரில்தான் வருகிறது. இரண்டும் கலந்துவிடுகின்றன, ஆம்புக்கு எது பாட்டு எது குப்பை என்று தெரியாது, இரண்டையும் சேர்த்துப் பெருக்குகிறது.

இப்போது உங்கள் கடைக்காரர் போட்ட ஃபில்டரைப் பாருங்கள். அது பவர் வயரில் வருகிற மேடுகளை மட்டும்தான் குறைக்கும். போட்ட பிறகும் விசில் அப்படியே இருக்கிறது என்றால், சத்தம் பவர் வயர் வழியாக வரவில்லை என்பதற்கு அதுவே பெரிய சாட்சி. அந்தக் காசு வீண் போகவில்லை, ஒரு சந்தேகத்தைத் தீர்த்திருக்கிறது.

சரி, சோதனைக்கு வருவோம். முக்கியமான ஒரு எச்சரிக்கை: ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்சிஏவைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. ஒவ்வொரு தடவையும் ஸ்டீரியோவை ஆஃப் செய்து, ஆம்பின் விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், உங்கள் கேஸில் அதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அப்புறம், எஞ்சினை ஓட விட்டுத்தான் கேட்க வேண்டும் என்பதால் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், மூடிய ஷெட்டில் வேண்டாம்.

முதலில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து, எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள். விசில் அப்படியே இருக்கிறதா, வால்யூமோடு சேர்ந்து குறைந்து மறைகிறதா? மறைந்தால் சத்தம் வால்யூமுக்கு முன்னால் நுழைகிறது: ரேடியோ, ஆக்ஸ் வயர், போன். அப்படியே இருந்தால் வால்யூமுக்குப் பிறகு: ஸ்டீரியோவின் அவுட்புட், ஆர்சிஏ, ஆம்ப். ஒரு பைசா செலவில்லாமல் பாதி வண்டியை ஒதுக்கிவிட்டீர்கள்.

வால்யூமோடு மறைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போனை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜரில் போட்டு, அதே போனிலிருந்து ஆக்ஸ் வயரில் பாட்டு கேட்கிறீர்களா? சார்ஜர் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு விசில் அங்கேயே நின்றுவிடும். சார்ஜரின் எர்த், ஆக்ஸின் எர்த் என்று போனுக்கு இரண்டு எர்த் ஆகிவிடுகிறது, நான் மேலே சொன்ன அதே கதைதான். ப்ளூடூத்துக்கு மாறுங்கள், இல்லையென்றால் ஆக்ஸ் வயரில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (எர்த் தொடர்பை அறுத்துப் பாட்டை மட்டும் விடுகிற சின்னப் பெட்டி) போடுங்கள். வேறு எதையும் கழற்ற வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் வால்யூமைக் குறைத்தாலும் விசில் குறைவதில்லை என்று இருக்கிறது. ஆகவே நாம் டிக்கிக்குப் போகிறோம்.

ஸ்டீரியோவை ஆஃப் செய்து, ஆம்பிலிருந்து ஆர்சிஏக்கள் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். வெறும் ஆர்சிஏ துளைகளைத் திறந்தே விட்டால் அவையே ஏரியல் மாதிரி சத்தத்தைப் பிடிக்கலாம், அதனால் நான் எப்போதும் ஷார்ட்டிங் பிளக் வைத்துக்கொள்வேன். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சாதாரண ஆர்சிஏ பிளக்குகளைத் துளைக்கு ஒன்று வீதம் வாங்கி, நடுக் கம்பியையும் வெளிவளையத்தையும் சேர்த்து சால்டர் வைத்தால் முடிந்தது. இதை ஆம்பின் இன்புட்டில் மட்டும்தான் செருக வேண்டும், ஸ்டீரியோவின் அவுட்புட்டில் ஒருபோதும் கூடாது. செருகி, எஞ்சினை ஓட்டி, மிதித்துப் பாருங்கள்.

இப்போதும் விசில் கேட்டால் ஆம்பின் சொந்த வயரிங்கில் கோளாறு: எர்த், பவர், அல்லது பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிற ஒரு ஸ்பீக்கர் வயர். கதவு ஸ்பீக்கரின் டெர்மினல் கதவின் தகட்டை உரசிக்கொண்டிருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சுத்தமாக நின்றுவிட்டால் ஆம்ப் குற்றமற்றது. ஆம்பை மாற்றச் சொன்ன கடைக்காரர் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போதும், அந்தப் பேச்சே வந்திருக்காது.

அடுத்தது போன். ஆர்சிஏக்கு மாறுகிற வயர் ஒன்றைப் போட்டு, போனை நேரடியாக ஆம்பில் இணையுங்கள். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது, தன் பேட்டரியில் ஓட வேண்டும், உங்கள் கையில் இருக்க வேண்டும். அப்போது அது வண்டியின் எர்த்தோடு தனக்கென்று எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பாட்டுப் பெட்டி. சத்தமில்லாமல் பாடினால், அடுத்து அதே போனை ஆர்சிஏ வயரின் முன் முனையில், அதாவது ஸ்டீரியோவிலிருந்து கழற்றிய முனையில் இணைத்துப் பாருங்கள். இப்போது சத்தம் வயர் வழியாக மட்டுமே வர முடியும். இங்கும் சுத்தமாக இருந்தால் வயரும் நல்ல வயர், மிச்சம் இருப்பது ஸ்டீரியோவும் அதன் எர்த்தும்தான்.

வயரைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பவர் வயர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம் கொண்டுபோக வேண்டும், குறுக்கே வந்தால் கூட்டல் குறி மாதிரி கடக்க வேண்டும் என்பது நல்ல பழக்கம், நானும் அப்படித்தான் போடுகிறேன். ஆனால் விசில் வந்த வண்டியில் ஆர்சிஏவை இடம் மாற்றிப் போட்டுச் சரியானதை நான் மிக அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பேட்டரியிலிருந்து வரும் பவர் வயரில் பெரும்பாலும் டிசி, அது பக்கத்து வயருக்குத் தாவிவிடுவதில்லை. விலை அதிகமான ஆர்சிஏ வாங்கினால் சத்தம் போய்விடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். உள்ளே பின்னல் அறுந்த வயர், முனை தளர்ந்த வயர் என்றால் மாற்றத்தான் வேண்டும், அதை மேலே சொன்ன போன் சோதனை காட்டிவிடும்.

இனி எர்த். ஆம்பின் கருப்பு வயர் எங்கே போய் முடிகிறது என்று கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். பின்சீட்டின் போல்ட்டிலோ சீட் பெல்ட் போல்ட்டிலோ முடிந்தால், கோளாறு அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அந்த போல்ட்டுகளில் பெயிண்ட்டும் பசையும் இருக்கும், கீழே உள்ள தகடு சில வண்டிகளில் பாடியோடு ஓரிரு வெல்டில்தான் ஒட்டியிருக்கும். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்காகக் கழற்றவே கூடாது, அது உயிர் காக்கிற போல்ட்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு இன்னோவா வந்தது, உங்களுடையது போலவே விசில். எர்த் வயர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நல்ல தடிமன், நட்டும் இறுக்கம். ஸ்பேனர் போட்டுக் கழற்றினேன். ரிங் டெர்மினலுக்குக் கீழே வெள்ளைப் பெயிண்ட் பளபளவென்று முழுசாக இருந்தது, ஷோரூமிலிருந்து வந்த பெயிண்ட். தகட்டை யாரும் சுரண்டவே இல்லை. கரண்ட் எல்லாம் போல்ட்டின் மரை வழியாக மட்டும் போய்க்கொண்டிருந்தது. உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்த்தேன். முதலில் வெள்ளை போயிற்று, கீழே சாம்பல் நிற பிரைமர், அதையும் தேய்த்த பிறகு இரும்பு மின்னியது. துணியால் துடைத்து, ரிங்கை நேராக இரும்பின் மேல் உட்கார வைத்து, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். ஸ்டார்ட் செய்து மிதித்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. வண்டிக்காரர் ஆம்ப் ஓடவில்லை என்று நினைத்துவிட்டார், பாட்டைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் அந்த இடத்தின் மேல் கிரீஸோ பெயிண்ட்டோ தடவிவிடுங்கள், இல்லையென்றால் துருப்பிடித்து ஒரே வருடத்தில் விசில் திரும்பி வரும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

எர்த் வயர் நீளம் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும், பவர் வயருக்குக் குறையாத தடிமனில் இருக்கட்டும். வயர் வாங்கும்போது செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேளுங்கள். நம் ஊரில் செட்டாக விற்கிற மலிவான வயர்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. அதே தடிமனில் அதற்குத் தடை சுமார் ஒன்றரை மடங்கு. நுனியைத் தீக்குச்சி அளவு சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்துவிடும்.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, 0.5 ஓம் காட்டுகிறது, பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடு ஒன்று தொட வைத்தாலே 0.3, 0.4 காட்டும். 40 ஆம்பியர் ஓடுகிற இடத்தில் உண்மையாகவே அரை ஓம் இருந்தால் ஆம்ப் ஓடவே ஓடாது. இந்த வேலைக்கு ஓம்ஸ் உதவாது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முள் ஆம்பின் எர்த் டெர்மினலில், இன்னொரு முள் நீள வயர் ஒன்றால் பேட்டரியின் நெகட்டிவ் வரை. எஞ்சினை ஓட்டி, பாட்டைச் சத்தமாக வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 0.3, 0.4 என்று ஆடினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. ஆம்ப் பக்கம் சுத்தம் செய்தும் குறையவில்லையா? பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், எஞ்சினிலிருந்து பாடிக்கும் போகிற கம்பெனி எர்த் பட்டையைப் பாருங்கள். பத்து வருட வண்டிகளில் அது பச்சை பூத்து, பாதி அறுந்து கிடக்கும்.

இன்னொரு விஷயம். இப்போது வருகிற பல வண்டிகளில் பேட்டரி நெகட்டிவில் ஒரு சின்ன பெட்டி மாட்டியிருக்கும், அது கரண்ட் சென்சார். அந்த வண்டிகளில் ஆம்பின் எர்த்தை நேராக பேட்டரி முனையில் மாட்டினால் சென்சாரின் கணக்கு கெட்டுப்போகும். சென்சாரைத் தாண்டிய பாடி பக்கத்தில்தான் மாட்ட வேண்டும்.

இப்போது உங்கள் கேஸில் நான் மிகவும் சந்தேகப்படுகிற இடத்துக்கு வருகிறேன். ஸ்டீரியோவுக்குள் ஆர்சிஏவின் வெளிவளையம் அதன் மெட்டல் பாடியோடு ஒரு மெல்லிய தடத்தாலோ மிளகு அளவு ஃபியூஸாலோ இணைக்கப்பட்டிருக்கும். ஆம்புக்குப் பவர் வந்துகொண்டிருக்கும்போது அதன் எர்த் ஒரு நொடி விட்டுப்போனால், அல்லது ஆம்ப் ஓடும்போதே யாராவது ஆர்சிஏவைப் பிடுங்கிச் செருகினால், ஆம்பின் கரண்ட் அந்த மெல்லிய தடம் வழியாகத் திரும்பப் பார்க்கும், தடம் எரிந்துவிடும். ஸ்டீரியோ தொடர்ந்து பாடும், வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து விசில். உங்கள் வண்டியில் ஆர்சிஏவை இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள். ஸ்டீரியோவை ஆஃப் செய்துவிட்டு மாற்றினார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். முதல் முறை மாற்றிய பிறகு சத்தம் கூடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது.

சோதிப்பது சுலபம். ஸ்டீரியோவைச் சட்டத்திலிருந்து வெளியே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், வயர்கள் எல்லாம் இணைந்தே இருக்கட்டும். அரை மீட்டர் வயரின் இரண்டு முனையையும் சீவி, ஒரு முனையை ஸ்டீரியோவின் பின்புற மெட்டல் திருகில் இறுக்குங்கள். எஞ்சின் ஓடட்டும், விசில் கேட்கட்டும். மறு முனையை ஆர்சிஏ பிளக்கின் வெளி உலோகத்தில் தொட வையுங்கள். நடுக் கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிந்த தடம்தான் காரணம் என்றால், தொட்ட மாத்திரத்தில் குழாயை மூடியது மாதிரி விசில் நிற்கும். எடுத்தால் வரும், தொட்டால் நிற்கும். நிரந்தரமாகச் சரிசெய்ய, அதே வயரை ஆர்சிஏக்களின் வெளிவளையத்தில் சால்டர் வைத்து மெட்டல் பாடியில் இறுக்கிவிடலாம், அல்லது ஸ்டீரியோ ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து உள்ளே அந்தத் தடத்தையே சரிசெய்யலாம். அதற்கு முன்னால் ஆம்பின் எர்த்தைச் சரியாக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி எரியும்.

தொட்டும் மாறவில்லை என்றால் ஸ்டீரியோவின் எர்த்தையே பாருங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் பழைய டெக்கை விட அதிகக் கரண்ட் இழுக்கின்றன, அதை கம்பெனி சாக்கெட்டின் ஒல்லியான கருப்பு வயரில் ஓட்டுகிறோம். டாஷ்போர்டுக்குள் நல்ல உலோகத்தில் தனியாக ஒரு எர்த் கொடுங்கள். சோதனைக்காக, ஆம்பின் எர்த் போல்ட்டிலிருந்து ஒரு தடித்த வயரை வண்டியின் உள்ளேயே முன்னால் கொண்டுவந்து ஸ்டீரியோவின் எர்த்தோடு சேர்த்தும் பார்க்கலாம். சத்தம் குறைந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையில் இருந்த மேடுபள்ளம்தான் காரணம்.

ஆல்டர்னேட்டரே கெட்டிருக்குமா? இருக்கலாம், ஆனால் குறைவு. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டுக்கொண்டு பேட்டரி முனைகளில் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 தாண்டினால் டயோடு போயிருக்க வாய்ப்பு, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மலிவான மீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: எஞ்சின் ஆஃபில் இருக்கும்போதே ஏசியில் 25, 27 என்று காட்டினால் அந்த மீட்டர் டிசியைத் தடுக்காத ரகம், இந்த அளவுக்கு அது ஆகாது.

விசில் இல்லாமல் வேறு சத்தம் இருப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 'உஸ்ஸ்' என்று மழைச் சத்தம் மாதிரி கேட்டால் அது எர்த் அல்ல, ஆம்பின் கெயின் அதிகம். கெயின் என்பது வால்யூம் திருகு அல்ல. ஸ்டீரியோ எத்தனை வோல்ட் தருகிறதோ அதற்கு ஆம்பைப் பொருத்துகிற திருகு. சில ஸ்டீரியோக்கள் 2 வோல்ட் தரும், சில 4. கெயினை முழுக்கத் திருப்பி வைத்தால் பாட்டோடு எல்லாக் குப்பையும் பெரிதாகும். கெயினை அடியோடு குறைத்துவிட்டு, ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் பங்கு ஏற்றி வைத்து, உங்களுக்குத் தேவையான சத்தம் வரும் வரை மட்டும் கெயினைத் திருப்புங்கள். எங்கள் கடைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் கெயின் மூன்றில் இரண்டு பங்கு தாண்டித்தான் இருக்கிறது. உங்கள் வண்டியிலும் பாருங்கள், விசிலின் அளவு கூட இதனால் குறையும், காரணம் போகாவிட்டாலும்.

சாவியை இக்னிஷனுக்குத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடி 'ஈஈ' என்று கேட்டு நின்றுவிட்டால் அது ஃப்யூல் பம்ப். பின்சீட்டுக்கு அடியில், டேங்குக்குள் இருக்கிறது, உங்கள் ஆர்சிஏ அதன் தலைக்கு மேல் போகிறதா என்று பாருங்கள். எஞ்சின் வேகத்தோடு 'டிக் டிக்' என்று வேகம் கூடினால் இக்னிஷன்: ஸ்பார்க் பிளக்கின் நம்பரில் ரெசிஸ்டரைக் குறிக்கும் ஆர் என்ற எழுத்து இருக்கிறதா, பழைய வண்டியாக இருந்தால் பிளக் வயர்கள் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். புளோயர் வேகத்தை மாற்றினால் சத்தமும் மாறினால் புளோயர் மோட்டார். ஒவ்வொன்றாகப் போட்டு, நிறுத்திக் கேட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

எஃப்எம்மில் மட்டும் கரகரவென்றால் ஸ்டீரியோவைத் தொடாதீர்கள். டேஷ்கேமை, வேக சார்ஜரை, புதிதாகப் போட்ட எல்இடி ஹெட்லைட்டை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். 12 வோல்ட்டை மாற்றித் தருகிற மலிவான சர்க்யூட்டுகள் சின்ன ரேடியோ ஸ்டேஷன் மாதிரி எஃப்எம் அலைவரிசை முழுக்கக் குப்பை கொட்டும். டேஷ்கேமின் வயர் ஏரியல் வயரோடு சேர்ந்து ஓடினால் பிரித்துவிடுங்கள், வயரில் ஒரு ஃபெரைட் வளையம் (வயரில் ஏறுகிற ரேடியோ குப்பையை அடக்கும் வளையம்) மாட்டுங்கள்.

கம்பெனி ஸ்டீரியோவை வைத்துக்கொண்டே ஹை-லோ கன்வெர்ட்டர் (ஸ்பீக்கர் வயரிலிருந்து பாட்டை எடுத்து ஆர்சிஏ அளவுக்குக் குறைத்துத் தரும் பெட்டி) வழியாக ஆம்ப் போட்டவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் அல்ல. பிளஸ், மைனஸ் இரண்டிலுமே சுமார் 6, 7 வோல்ட் நின்றுகொண்டிருக்கும், இரண்டிலுமே பாட்டு வரும். அந்த மைனஸை யாராவது பாடியில் சேர்த்திருந்தால் சத்தம் வருவதோடு நிற்காது, ஸ்டீரியோவே போகும்.

குறிப்பிட்ட பாஸ் அடிக்கும்போது மட்டும் 'டர்ர்' என்றால் வயரிங்கைத் தேடவே வேண்டாம், கதவு ட்ரிம்மோ நம்பர் பிளேட்டோ அதிர்கிறது. கையை அழுத்திப் பிடித்தால் நிற்கிற இடம்தான் அது. ஒரு துண்டு ஃபோம் டேப் போதும்.

கடைசியாக ஐசொலேட்டர். உங்களிடம் அடுத்து அதைத்தான் விற்கப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆர்சிஏவுக்கு நடுவே போடுகிற சின்னப் பெட்டி, உள்ளே இரண்டு டிரான்ஸ்ஃபார்மர். எர்த் தொடர்பை அறுத்துப் பாட்டை மட்டும் தாண்டவிடும், விசில் உண்மையாகவே நின்றுவிடும். ஆனால் மலிவான பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மர் சின்னது, அடி பாஸ் மெலிந்துபோகும். சப்ஊஃபருக்கு இவ்வளவு செலவு செய்துவிட்டு அதன் வயிற்றிலேயே கை வைப்பதா? மேலே சொன்ன எல்லாம் செய்தும் தீராத வண்டிக்கு மட்டும் நான் அதைப் போடுவேன். பெரிய கபாசிட்டர் போட்டால் விசில் போகும் என்று சொன்னாலும் கேட்காதீர்கள், எர்த்தில் வருகிற சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்களுக்கு நான் சொல்கிற வரிசை இது. சனி அல்லது ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் ஷார்ட்டிங் பிளக், அடுத்து போன், அடுத்து ஆம்பின் எர்த் போல்ட்டைக் கழற்றி அடியில் பெயிண்ட் இருக்கிறதா என்று பார்ப்பது. எர்த்தைக் கழற்றுவதற்கு முன்னால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஆம்பின் எர்த் விட்டுப்போகும்போது பவர் இருக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் பிறகு ஸ்டீரியோவுக்குப் பின்னால் அந்த அரை மீட்டர் வயர். பல் வாஷரோடு இறுக்கிய பிறகும் விசில் இருந்து, வயரைத் தொட்டதும் நின்றால், ஸ்டீரியோவின் மாடலையும் பின்பக்கப் படத்தையும் அனுப்புங்கள். எந்த இடத்தில் சால்டர் வைக்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.